உண்டியலில் கை வைத்தது நாம்தான்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. வீட்டில் பெயின்ட் அடிக்கும் வேலை நடந்ததில் எல்லாம் தலைகீழ். பழைய பில்களோடு சேர்ந்து ஏதோ ஒரு அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டது, நேற்றுத்தான் கையில் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. ஆனால் உன் கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிட்டதே. உனக்கு இப்போது கண் நன்றாகத் தெரிகிறது, சரி. எனக்குத் தெரிய வேண்டாமா?

உன் மகன் விஷயத்துக்கு வருகிறேன். வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகிறது, அதற்குள் மூன்று பொருளுக்குத் தவணை ஓடுகிறது, இருபதாம் தேதி தாண்டினால் உன்னிடம் கைமாற்று கேட்கிறான், கிரெடிட் கார்டு பாக்கி வேறு என்று எழுதியிருந்தாய். 'நீ கணக்கு டீச்சர், நீ சொன்னால் கேட்பான், நாலு வார்த்தை புத்தி சொல்' என்றும் கேட்டிருக்கிறாய். சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

தனிவட்டியும் கூட்டுவட்டியும் இருபத்தாறு வருஷம் கரும்பலகையில் எழுதியவள் நான். அதில் நூற்றுக்கு நூறு வாங்கின பிள்ளைகளில் எத்தனை பேர், கடன் பத்திரத்தை முன்னால் வைத்தபோது அந்தச் சூத்திரத்தை நினைத்துப் பார்த்திருப்பார்கள்? என் சந்தேகம் வெறும் சந்தேகமில்லை. ஃபெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்டமேயர் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதுவரை நடந்த 201 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2014இல் எழுதினார்கள். பணத்தைக் கையாளும் விதத்தில் ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசத்தில், பாடம் நடத்தியதால் வந்தது என்று சொல்லக்கூடியது 0.1 சதவீதம்தானாம். மணிக்கணக்காக நடத்திய வகுப்புகள்கூட இருபது மாதம் போனால் இருந்த இடம் தெரிவதில்லை. பின்னால் 2022இல் வேறொரு குழு 76 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்துவிட்டு, அவ்வளவு மோசமில்லை, பலன் இருக்கிறது என்றது. டீச்சராக எனக்கு இரண்டாவதுதான் இனிக்கிறது. ஆனாலும் அந்த முதல் மூவர் சொன்ன ஒரு யோசனை மனதில் ஒட்டிக்கொண்டது: முடிவு எடுக்கப்போகிற நேரத்தை ஒட்டிச் சொல்லிக்கொடு. சொல்லப்போனால் பசிக்கிறபோது சோறு போடுவது மாதிரி.

உன் மகனுக்கு இப்போதுதான் பசி. அதனால் புத்திமதியை விட்டுவிட்டு, அவன் கார்டு ஸ்டேட்மென்ட்டை மேஜையில் விரித்துவை.

என் மகளோடு நான் அப்படித்தான் உட்கார்ந்தேன், அவளுடைய முதல் வேலையின் முதல் வருஷத்தில். பாக்கி 20,000. அதன் கீழே கொட்டை எழுத்தில் 'மினிமம் டியூ 1,000'. குறைந்தபட்சம் கட்ட வேண்டிய அந்தத் தொகையை மட்டும் மாதாமாதம் தேதி தவறாமல் கட்டிவிட்டு, தான் ஒழுங்காக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் பேசவில்லை. வந்த கவரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பென்சிலை அவள் கையில் கொடுத்தேன். வட்டி மாதம் 3 சதவீதம், அதாவது 600. கட்டுவது பாக்கியில் 5 சதவீதம், 1,000. அசலில் குறைவது 400. அடுத்த மாதம் பாக்கி 19,600, கட்ட வேண்டியது 980. இப்படியே பன்னிரண்டு வரி எழுதினாள். கடைசியில் கூட்டிப் பார்த்தால், வருஷம் முழுக்கக் கட்டியது ஏறக்குறைய 10,760. கடன் குறைந்தது 4,300தான். அதுவும் புதிதாக ஒரு பைசாகூடச் செலவு செய்யாமல் இருந்தால். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அப்போ மீதி ஆறாயிரத்துச் சொச்சத்துக்கு நான் என்னம்மா வாங்கினேன்?"

இருபத்தாறு வருஷத்தில் என் வகுப்பில் யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

கவனி, நான் சேமிப்பிலிருந்து ஆரம்பிக்கவில்லை. 'இப்போதே போட்டுவைத்தால் அறுபது வயதில் எவ்வளவு ஆகும் தெரியுமா' என்று இருபத்திரண்டு வயதுப் பிள்ளையிடம் சொன்னால் கொட்டாவிதான் வரும். அறுபது வயது என்பது அவர்களுக்கு வேறு யாருக்கோ நடக்கப்போவது. கடன் அதே கூட்டுவட்டிதான், ஆனால் விறுவிறு என்று ஓடும். 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் வருஷம் கிட்டத்தட்டக் கிடைக்கும் என்று சொல்லித்தருவேனே, ஞாபகம் இருக்கிறதா? 6 சதவீதம் தரும் சேமிப்பு இரட்டிப்பாகப் பன்னிரண்டு வருஷம். 36 சதவீதக் கடனைக் கட்டாமல் விட்டால் இரண்டே வருஷம். முதலில் இதைக் காட்டு. சேமிப்பு ஆசை தானாக வரும்.

அடுத்து, அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே மனக்கட்டுப்பாடு இல்லை என்று எழுதியிருந்தாயே, அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குழந்தை முன்னால் ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாயை வைத்து, 'நான் வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டு தருவேன்' என்று சொல்லிவிட்டுப் போகும் சோதனையைக் கேள்விப்பட்டிருப்பாய். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷல் என்ற உளவியலாளர் நடத்தியது. அதையே ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கொஞ்சம் மாற்றிச் செய்து 2013இல் வெளியிட்டார்கள். 28 குழந்தைகள். மிட்டாய்க்கு முன்னால், படம் வரைய நல்ல கிரேயான் கொண்டுவருவதாக ஒரு பெரியவர் வாக்குக் கொடுக்கிறார். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து, 'மன்னித்துக்கொள், இல்லையாம்' என்றார். அப்புறம்தான் மிட்டாய். வாக்கு காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிஷம் பொறுத்திருந்தன. ஏமாந்தவை மூன்று நிமிஷம்தான்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் என் மகளுக்கு ஆறேழு வயதிருக்கும்போது அவளுக்கு ஒரு மண் உண்டியல் இருந்தது. சில்லறை இல்லாத நாளில் ஹேர்பின்னை வைத்து அதிலிருந்து நாணயம் எடுப்பேன். 'சாயங்காலம் போட்டுடறேன் கண்ணு' என்று சொல்லிவிட்டுத்தான் எடுப்பேன். போட்டேனா? சில நாள் போட்டேன். நாம் எல்லோரும் செய்ததுதான். நீயும் செய்திருப்பாய், இல்லை என்று மட்டும் சொல்லாதே. சேர்த்துவைத்தால் யாராவது எடுத்துவிடுவார்கள் என்று கண்ட குழந்தை, கையில் வந்ததை அன்றைக்கே செலவழித்தால் அது ஊதாரித்தனமா, புத்திசாலித்தனமா?

அவளுக்குப் பதிமூன்று வயதில், மாதச் செலவுக்கு மொத்தமாகப் பணம் கொடுத்துப் பார்த்தோம். நோட்டு, பேனா, சிநேகிதிகளுக்குப் பரிசு, நொறுக்குத் தீனி எல்லாம் அதற்குள்தான். முதல் மாதம் ஒன்பதே நாளில் கை காலி. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இரண்டு நாள் சுற்றினாள். என்னால் பொறுக்க முடியவில்லை, அவள் அப்பாவுக்குத் தெரியாமல் இன்னும் கொஞ்சம் கொடுத்தேன். அது நான் செய்த தப்பு. பணம் தீர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை மிகத் தெளிவாகக் கற்றுக்கொண்டாள்: அம்மா முன்னால் முகத்தைத் தொங்கப்போட வேண்டும். இரண்டாம் மாதமும் அதே கதை. இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு கொடுக்காமல் இருந்தேன். மூன்றாம் மாதம் அவளாகவே ஒரு நோட்டு போட்டாள். பஸ், தீனி, ஜெராக்ஸ் என்று வரிவரியாக எழுதியிருந்தாள். கடைசி வரியில் 'தெரியலை' என்று எழுதி அதற்கு நேரே ஒரு தொகை. மாதப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்! அந்தத் 'தெரியலை'யைக் குறைப்பதுதான் அப்புறம் ஆறு மாதம் அவளுக்கு விளையாட்டு. நான் செலவைக் குறை என்று ஒருநாளும் சொல்லவில்லை.

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு இந்தத் 'தெரியலை' இன்னும் பெரிது. நமக்குக் காசு போனால் பர்ஸ் மெலியும், கண்ணுக்குத் தெரியும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பிரெலெக், சிமெஸ்டர் என்ற இருவர் விளையாட்டுப் போட்டி டிக்கெட்டை ஏலம் விட்டுப் பார்த்தார்கள், 2001இல் வந்த ஆய்வு. கார்டில் கட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கம் என்று சொல்லப்பட்டவர்களைவிட இரண்டு மடங்கு அளவுக்கு விலை கேட்டார்களாம். இன்றைக்கு அந்தக் கார்டைப் பையிலிருந்து எடுக்கவும் வேண்டாம், விரல் வைத்தால் போதும். எனவே உன் மகனிடம் ஒரே ஒரு காரியம் செய்யச் சொல்: ஷாப்பிங் ஆப்களில் பதிந்துவைத்திருக்கும் கார்டை நீக்கட்டும். ஒவ்வொரு தடவையும் பதினாறு இலக்கத்தைத் தட்டுகிற சோம்பல் பாதிச் செலவைத் தடுத்துவிடும். வட்டியில்லாத் தவணை என்கிறானே, அதில் பிராசஸிங் ஃபீஸ் எவ்வளவு, மொத்தமாகக் கொடுத்தால் என்ன தள்ளுபடி என்று அவனையே பார்க்கச் சொல். 50 சதவீதத் தள்ளுபடிக்கு மேல் இன்னும் 20 சதவீதம் என்றால் 70 ஆகாது, 60தான். இது என் மாணவர்களுக்கே ஒவ்வொரு வருஷமும் புதுச் செய்தியாக இருக்கும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல். 'உன் கணக்கில் கொஞ்சம் பணம் வரும், அப்படியே இன்னொரு கணக்குக்கு அனுப்பிவிடு, கமிஷன் தருகிறோம்' என்று யாராவது கேட்டால், கூடப் படித்தவனாகவே இருந்தாலும், முடியாது என்று சொல்ல வேண்டும். மோசடிப் பணத்தைக் கைமாற்ற இந்த வயதுப் பிள்ளைகளைத்தான் தேடுகிறார்கள். மாட்டுவது கணக்கு வைத்திருப்பவன்.

முடியாது என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். இதுவரை உன்னிடம்கூடச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், கூட வேலை பார்த்த ஒருவர் கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். ஸ்டாஃப் ரூமில், எல்லோர் முன்னிலையிலும், நின்றுகொண்டே. ஒரு வரிகூடப் படிக்கவில்லை. படித்தால் சந்தேகப்படுவதாக நினைத்துக்கொள்வாரோ என்ற கூச்சம். அவர் நாலு தவணையோடு நிறுத்திக்கொண்டார். மீதியை என் சம்பளத்தில் பிடித்தார்கள், இருபத்தொன்பது மாதம். அந்த நாளில்தான் நீ டூருக்குக் கூப்பிட்டாய், நான் உடம்பு சரியில்லை என்றேன். நீ இரண்டு வருஷம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

கடனைவிட அந்தப் பொய்தான் எனக்குக் கனமாக இருந்தது. மகளுக்கு இதைச் சொன்னது போன வருஷம்தான். கேட்டுவிட்டு, 'இதை முன்னாடியே சொல்லியிருந்தா நான் கார்டு விஷயத்தை உன்கிட்ட ஆறு மாசம் மறைச்சிருக்க மாட்டேன்' என்றாள்.

ஆகவே உன்னிடம் நான் கேட்பது இதுதான். அவன் ஸ்டேட்மென்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் உன் வீட்டுக் கணக்கு நோட்டை எடுத்து அவனிடம் கொடு. உன் பென்ஷன் எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு போகிறது, எந்த மாதம் துண்டு விழுந்தது, எல்லாம் தெரியட்டும். நீ சீட்டு போட்டு ஏமாந்த கதையையும் சேர்த்துச் சொல். உனக்குக் கூச்சமாக இருக்கும். இருக்கட்டும். ஸ்டேட்மென்ட்டை நீட்டும்போது அவனுக்கும் அப்படித்தான் இருக்கும்.

முட்டிவலிக்குப் புது டாக்டரிடம் போகிறேன், மாடி ஏறக்கூடாது என்கிறார். வீடு முழுக்கப் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. பதில் போடு, பெரிய எழுத்தில்.

உன்,
பழைய பெஞ்சுத் தோழி

பின்குறிப்பு: காலேஜ் கடைசி வருஷம் பரீட்சைக் கட்டணத்துக்கு உன்னிடம் பணம் வாங்கினேனே, திருப்பித் தந்தேனா? எவ்வளவு யோசித்தும் என் கணக்கில் அது 'தெரியலை'யில்தான் இருக்கிறது. பாக்கி இருந்தால் எழுது. வட்டி மட்டும் கேட்காதே.