செயலாளர் ஆண்டறிக்கை: சரணடைந்தவரை வெட்டலாமா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதைபேசி ஆடும் விளையாட்டுக்கான நம் சங்கத்தின் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். பொதுக்கூட்டத்துக்கு முன் செயலாளர் அறிக்கை தரவேண்டும், இதோ. கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சமூக மன்றத்தின் அறை வாடகைதான் இந்த ஆண்டும் பெரிய செலவு, பகடையும் வரைபடத் தாளும் நீங்களே கொண்டுவந்துவிட்டீர்கள், நன்றி. தீபாவளி வாரம் தவிர சனிக்கிழமை ஆட்டம் நிற்கவில்லை. புதிதாக வந்தவர்களில் பலர் உயர்நிலைப்பள்ளி, தொடக்கக்கல்லூரிப் பிள்ளைகள். விதிப்புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தாலும் கதையை அவர்கள் தமிழிலேயே பேசி ஆடுவதைக் கேட்க அவ்வளவு மகிழ்ச்சி.

இனி, இந்த ஆண்டு நம்மை அதிகம் பேசவைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஜூன் விடுமுறையில் ஒரு மேசையில், கதையில் எதிரிகளாக வந்த கோப்ளின்கள் என்ற குட்டிப் பூதங்கள் ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டு மண்டியிட்டன. "வெட்டிடலாம்ணே, விட்டா ஆள் கூட்டிட்டு வருவான்" என்றான் ஒரு தம்பி. பாலடின், அதாவது அறம் தவறாத வீரன் வேடம் ஆடிய தங்கை முடியவே முடியாது என்றாள். அன்று அதற்கப்புறம் ஆட்டம் நகரவில்லை, பேச்சு காப்பிக்கடை வரை போனது. நேரம் வீணானதாகச் சிலர் வருத்தப்பட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அந்தத் தம்பி கொடூரமானவன் இல்லை. அதற்கு முன் அவன் ஆடிய ஆட்டங்களில் விட்டுவிட்ட கொள்ளைக்காரன் படையோடு திரும்பி வந்தான், கட்டிவைத்த கைதி ராத்திரியில் கயிற்றை அறுத்துக்கொண்டு காவலுக்கு இருந்தவனைக் குத்தினான். இரக்கம் காட்டிய ஒவ்வொரு முறையும் அடி விழுந்தால் யார்தான் இரக்கம் காட்டுவார்கள்? ஆட்டக்காரர்களுக்கு நெறி சொல்வதற்கு முன், சரணடைந்தவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றும் உலகத்தை, கதையை நடத்தும் டிஎம் உருவாக்கித் தரவேண்டும். இந்த அறிக்கையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

விதிகளிலும் இதற்கு இடம் இருக்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வந்த விளையாட்டு. அதன் 1981ஆம் ஆண்டு அடிப்படை விதிகளில் எதிரிகளுக்கு மனவுறுதி எண் ஒன்று உண்டு, 2 முதல் 12 வரை. எதிரிகளில் முதல் ஆள் விழுந்ததும், பிறகு பாதிப் பேர் விழுந்ததும், டிஎம் இரண்டு ஆறுமுகப் பகடை உருட்டிப் பார்க்கலாம். மனவுறுதி எண்ணைவிடக் கூடுதலாக விழுந்தால் அவர்கள் ஓடுவார்கள் அல்லது சரணடைவார்கள். கோப்ளின்கள் எப்போதும் கடைசி ஆள் வரை சாகும்வரை சண்டை போடும் என்பது அந்த விதியில் இல்லை. 2014 விதிகளில், நெருங்கி நின்று அடிக்கும் அடியில் எதிரியின் ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப்புள்ளி, பூஜ்யமானால், கொல்லாமல் மயக்கமடையச் செய்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். தூரத்திலிருந்து விட்ட அம்புக்கு அந்தச் சலுகை இல்லை. எக்ஸ்பி எனும் அனுபவப் புள்ளி கொன்றால்தான் கிடைக்கும் என்று நம்மில் பலர் நம்பிக்கொண்டிருந்தோமே, அதுவும் சரியில்லை. வேறு வழியில் ஆபத்தை நீக்கினாலும் டிஎம் தரலாம்.

நம் மூத்த உறுப்பினர் ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சங்ககாலப் புலவர் கோவூர்கிழாரை நினைவுபடுத்தினார். பகைவன் மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடறவைக்கச் சோழன் கிள்ளிவளவன் நிறுத்தியபோது, புலவர் குறுக்கே வந்து பாடித்தான் அவர்களைக் காப்பாற்றினார். யானையைப் பார்த்த ஆச்சரியத்தில் அந்தக் குழந்தைகள் அழுகையை மறந்து நின்றன என்கிறது பாட்டு. ஐயா இதைச் சொன்னதும் அந்தத் தம்பி கேட்ட கேள்வி இன்னும் என் மனதில் இருக்கிறது: "அப்ப எங்க மேசையில புலவர் யாரு ஐயா?" அடுத்த ஆட்டத்துக்கு அவனே ஒரு பாணன் கேரக்டரை எழுதிக்கொண்டு வந்தான்.

இது வெறும் கற்பனை உலகத்துக் கேள்வியும் இல்லை. 1942 பிப்ரவரி 15 அன்று நம் சிங்கப்பூரின் புக்கிட் தீமாவில் பிரிட்டிஷார் சரணடைந்தார்கள். இரண்டு நாள் கழித்து, நாம் வாராவாரம் கடந்துபோகும் ஃபேரர் பார்க் திடலில் இந்தியப் படைவீரர்கள் பல்லாயிரம் பேர் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். ஆயுதத்தைக் கீழே போட்டவனின் கதி அடுத்தவன் கையில் இருக்கிறது என்பது இந்த ஊருக்குத் தெரியும்.

ஆனால் கைதிகளால் ஆட்டம் இழுத்தடிக்கும் என்ற குறை உண்மைதான். சோறு யார் போடுவது, காவல் யார் என்று பேசியே பொழுது போய்விடும். அதனால் டிஎம்கள் கூடிப் பேசி ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். காம்பெயின் எனும் தொடர்கதை ஆட்டம் தொடங்கும் முன்பே, சரணடைந்தவர்களை இந்தக் கதை எப்படி நடத்தும் என்று மேசையில் சொல்லிவிடுவது. கைதியை ஊர்த்தலைவரிடம் ஒப்படைக்கவோ, ஆயுதத்தைப் பறித்துக்கொண்டு "பிழைத்துப் போ" என்று அனுப்பவோ, வழிகாட்டியாகக் கூட்டிப்போகவோ எளிதான ஒரு வழியை டிஎம் கையில் வைத்திருப்பது. சித்திரவதைக் காட்சிகள் நம் மேசைகளில் கிடையாது, பிள்ளைகள் இருக்கிறார்கள். துரோகமே கூடாது என்று யாரும் சொல்லவில்லை, அதுவும் நல்ல கதைதான். ஆனால் கவனித்தால் கண்டுபிடிக்கும்படி முன்கூட்டியே ஓர் அடையாளம் காட்டியிருக்கவேண்டும்.

விட்டுவிட்ட அந்தக் கோப்ளின்களில் ஒன்று ஆகஸ்ட் மாத ஆட்டத்தில் ஆற்றைக் கடக்க ஆழமில்லாத இடத்தைக் காட்டி உதவியது. மேசையே கைதட்டியது.

இந்த வழக்கத்தைச் சங்க விதியாக்கலாமா என்பதைப் பொதுக்கூட்டத்தில் வாக்குக்கு விடுகிறோம். நான் ஆதரித்தே வாக்களிப்பேன். புதிய டிஎம்களும் தேவை, மார்ச் விடுமுறைக்குள் செயற்குழுவிடம் பெயர் கொடுங்கள்.

செயலாளர்