32-ஆவது கிலோமீட்டரில் கைதட்ட ஆளில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓடத் தெம்பில்லாவிட்டாலும், நகர மாரத்தான் நடக்கும் நாளில் விடியற்காலையிலேயே சாலையோரம் போய் நின்று ஓடுபவர்களுக்குக் கைதட்டும் பழக்கம் எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. அந்த அனுபவத்தில் ஒரு குறையைச் சொல்ல விரும்புகிறேன். மாரத்தானின் தூரம் 42.195 கிலோமீட்டர். ஆனால் வேடிக்கை பார்க்க வரும் கூட்டமோ தொடக்கக் கோட்டிலும் இறுதிக் கோட்டிலுமே நெருக்கியடித்து நிற்கிறது. உற்சாகம் பொங்கப் புறப்படுகிறவருக்கும் முடிவு கண்ணுக்குத் தெரிந்துவிட்டவருக்கும் நம் கைதட்டல் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. அது தேவைப்படும் இடம் 30-ஆவது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது.

தசைகளிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் கிளைகோஜன் (உடல் சேமித்து வைக்கும் சர்க்கரைச் சத்து) பெரும்பாலானவர்களுக்கு 30, 32 கிலோமீட்டர் அளவில் தீரத் தொடங்கிவிடும். பிறகு உடல் கொழுப்பை அதிகம் நம்ப வேண்டியிருப்பதாலும், அதிலிருந்து ஆற்றல் மெதுவாகவே கிடைப்பதாலும், கால்கள் கனத்துச் சிந்தனையும் மங்கும். ஓட்டக்காரர்கள் இந்தக் கட்டத்தைச் ‘சுவர்’ என்றே குறிப்பிடுகிறார்கள். பாஸ்டன் மாரத்தானில் ஏறக்குறைய பாதித் தொலைவில் வெல்லெஸ்லி கல்லூரி மாணவிகள் எழுப்பும் ஆரவாரம், அவர்கள் கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழும் என்பார்கள். நம் சாலைகளிலோ, அந்தச் சுவர் எழும் இடத்தில் தண்ணீர் கொடுக்கும் தன்னார்வலர்களைத் தவிர ஒருவரும் இருப்பதில்லை.

சென்ற முறை 34-ஆவது கிலோமீட்டர் பலகைக்கு அருகில் என்னையும் சேர்த்து மூன்று பேர் நின்றிருந்தோம். நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் ஓட்டத்தை விட்டு நடந்துவந்தார். நெற்றிப்பொட்டில் வியர்வை காய்ந்து உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. குடித்து முடித்த காகிதக் குவளையைக் கீழே போடக்கூடத் தோன்றாமல் கசக்கிப் பிடித்திருந்தார். மார்பில் குத்தியிருந்த எண் அட்டையில் இருந்த பெயரைப் படித்து, அதைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. குவளை இருந்த கையை மட்டும் லேசாக உயர்த்தினார். பத்துப் பதினைந்து அடி தாண்டியதும் மெல்ல ஓடத் தொடங்கினார். என் குரல்தான் அவரை ஓடவைத்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று முதல், பெயர் தெரிந்தால் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறேன்.

நல்லெண்ணத்தில் பலரும் சொல்லும் “இன்னும் கொஞ்ச தூரம்தான்” என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து தவிர்க்க வேண்டும். அந்த இடத்தில் மீதியிருப்பது எட்டு கிலோமீட்டருக்கும் மேல். நடந்தே முடிப்பவருக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாது. அடுத்த வளைவில் தண்ணீர் மேசை இருப்பது நமக்குத் தெரிந்தால் அதைச் சொல்லலாம்; தெரியாவிட்டால் கைதட்டினாலே போதும். (ஒரு கையில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு கைதட்ட முடியாது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.)

ஆர்வ மிகுதியில் படமெடுக்கச் சாலைக்குள் இறங்குவதும், கூடவே ஓடுவதும், தோளைத் தொட்டுத் தாங்குவதும் கூடாது. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் தள்ளாடி விழுந்த இத்தாலியின் டொராண்டோ பியெத்ரியைச் சிலர் தாங்கிப் பிடித்து எல்லையைக் கடக்க உதவியதாலேயே அவர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த பிரேசிலின் வாண்டர்லெய் டி லிமாவைச் சாலைக்குள் பாய்ந்த ஒருவர் பிடித்துத் தள்ளினார். அவரை விடுவித்து மீண்டும் ஓடவிட்டவர் கிரேக்கப் பார்வையாளர் ஒருவர். டி லிமா வெண்கலத்தோடு முடித்தார்.

மாரத்தானுக்கு முதல் நாள் எந்தெந்தச் சாலைகள் அடைக்கப்படும் என்பதைத் தாங்கள் வரைபடத்துடன் வெளியிடுகிறீர்கள். போக்குவரத்து இடைஞ்சலாக மட்டுமே அந்தச் செய்தி வாசகர்களைச் சென்றடைகிறது. 30 முதல் 38 கிலோமீட்டர் வரையிலான பகுதியை முதல் ஓட்டக்காரரும் கடைசி ஓட்டக்காரரும் எத்தனை மணிக்குக் கடப்பார்கள் என்ற உத்தேச நேரத்தையும் அதே வரைபடத்தில் சேர்த்தால், அப்பகுதியில் குடியிருப்பவர்கள் வாசலுக்கு வந்து நிற்க வசதியாக இருக்கும். அமைப்பாளர்களும் எண் அட்டையில் பெயரைத் தூரத்திலிருந்தே படிக்கும்படி பெரிதாக அச்சிடலாம். சென்ற முறை, ஓடி முடிக்க அனுமதித்த நேரம் தீர அரை மணி இருக்கும்போதே அந்தச் சாலையின் தடுப்புகளை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். கடைசியாக வந்த நான்கு பேர் வாகனங்களுக்கு ஒதுங்கி நடைபாதையில் ஓடினார்கள். அடுத்த முறையாவது அந்த அரை மணி நேரத்தையும் அவர்களுக்கு விட்டுவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
சாலையோரம் நிற்கும் வாசகர் ஒருவர்