சிதைந்ததா, சிதைத்ததா?

ஆசிரியர் அவர்கட்கு,

மாரி தொடங்கினால் டெங்குச் செய்திகளோடு ஒரு சொற்றொடரும் பத்திரிகைகளில் வந்துவிடுகிறது: 'பாழடைந்த வீடுகளும் கைவிடப்பட்ட காணிகளும்'. பெரும்பாலும் இது ஆங்கில அறிக்கைகளில் வரும் 'டிலாப்பிடேற்றட்', 'டெரெலிக்ற்' என்ற சொற்களின் தமிழாக்கம். அந்தச் சொற்களுக்குள் இருக்கும் ஒன்று தமிழுக்கு வரும்போது உதிர்ந்துவிடுகிறது. அந்த நிலைக்குக் கொண்டுவந்தது யார் என்ற கேள்வியைத்தான் சொல்கிறோம். திருகோணமலையைப் பற்றி எழுதும்போது இந்தக் கேள்வியைத் தவறவிடக்கூடாது.

'டிலாப்பிடேற்றட்' இலத்தீனில் இருந்து வந்தது. 'லாபிஸ்' என்றால் கல். அதன் முன்னே சேரும் 'டிஸ்' பிரித்தல், சிதறுதல் என்ற பொருளைத் தரும். கல்லை வாரி இறைப்பதுபோல் இறைத்தல் என்பது வினையின் அடிப்படைப் பொருள். ஆனால் ரோமர் இதைக் கட்டடத்தைவிடச் சொத்துக்கே சொன்னார்கள். கி.மு. 161இல் மேடையேறிய, ரோம நாடகாசிரியர் தெரன்சின் 'போர்மியோ' நாடகத்தில், எங்கள் முப்பது மினாக் காசையும் அவன் இறைத்து முடிக்க முன்னர் பிடிக்கவேண்டும் என்று ஒருவர் பதறும் இடத்தில் இந்த வினைதான் வருகிறது. நாங்கள் காசைத் தண்ணியாய் இறைப்பதாகச் சொல்வோம், அவர்கள் கல்லாய் இறைத்தார்கள். முதலாம் நூற்றாண்டில், வேளாண்மை பற்றி எழுதிய ரோமர் கொலுமெல்லா, மனிதரும் மாடும் பாடுபட்டு விளைவித்ததை ஆலங்கட்டி மழை நாசமாக்குவதற்கு இதே சொல்லைப் போட்டார். பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் இன்றுவரை இது சொத்தை ஊதாரித்தனமாய் அழிப்பதையே குறிக்கிறது.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் தேவாலயச் சட்டத்தோடு ஒட்டி வளர்ந்தது. ஒரு பங்கின் குருவுக்கு வீடும் நிலமும் வருமானமும் இருந்தன. அவை அவருடைய சொந்தச் சொத்து அல்ல. கூரையைத் திருத்தாமல் விட்டாலோ, மரங்களைத் தறித்து விற்றாலோ அது 'டிலாப்பிடேஷன்' என்ற குற்றமாகக் கருதப்பட்டது. அடுத்து வரும் குரு திருத்தச் செலவை முன்னவரிடம் கேட்க முடிந்தது. அவர் இறந்திருந்தால் அவர் விட்டுச்சென்ற சொத்தில் இருந்து கேட்க முடிந்தது. 1871இல் இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றி, கட்டடங்களைப் பரிசோதகர் பார்வையிட்டுத் திருத்த வேலைகளை வரையறுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். இன்றும் இங்கிலாந்தில் குத்தகை முடிந்து கடையையோ அலுவலகத்தையோ திருப்பிக் கொடுக்கும்போது உரிமையாளர் நீட்டும் பட்டியலுக்கு இதுவே பெயர். ஒப்பந்தத்தின் எந்த வாசகம், அதில் என்ன மீறப்பட்டது, எப்படிச் சரிசெய்வது, எவ்வளவு செலவு என்று நிரல் நிரலாக இருக்கும். கேட்கும் தொகை கட்டடத்தின் மதிப்பு எவ்வளவு குறைந்ததோ அதற்கு மேல் போகக்கூடாது என்று 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது.

சட்டத்துக்கு வெளியே, 16ஆம் நூற்றாண்டு முதல் இந்தச் சொல் கட்டடத்தின்மேல் ஏறியது. பிறகு வண்டி, கதிரை, தொப்பிவரை இறங்கியது. கல் இல்லாத பொருளுக்கு இதைச் சொல்லக்கூடாது என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் கணக்கில் சீனக்குடாக் காட்டுக்குள் துருப்பிடித்து நிற்கும் எண்ணெய்த் தாங்கிக்கு இந்தச் சொல் ஆகாது. இலத்தீனிலேயே காசுக்கும் பயிருக்கும் வழங்கிய சொல்லுக்கு இப்படி வேலி போடுவது வீண்வேலை. கவனிக்க வேண்டியது வேறு. 'டிலாப்பிடேற்றட்' என்பது செயப்படுபொருள் குன்றா வினையில் பிறந்த எச்சம். யாரோ செய்தார் அல்லது செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டார் என்பது அதன் உடம்பிலேயே இருக்கிறது. ஆங்கிலேயரும் இன்று அதை மறந்து, பழசாகிப் போனது என்ற அளவில் மட்டும் கேட்கிறார்கள்.

இதன் கூட்டாளி 'ராம்ஷக்கிள்' இன்னும் வெளிப்படையானது. ஆடும் கதவும் சரிந்த கூரையுமாய் நிற்கும் வீட்டைச் சொல்லும் இந்தச் சொல்லின் வேர் பழைய நோர்ஸ் (ஸ்கண்டிநேவிய) மொழியில் 'ரன்சாக்கா': 'ரன்' வீடு, 'சாக்கா' தேடுதல். வீடு புகுந்து துழாவிக் கொள்ளையிடுவதைக் குறிக்கும் 'ரான்சாக்' என்ற ஆங்கிலச் சொல் இதிலிருந்தே வந்தது. ஆக, கொள்ளைபோன வீட்டுக்குப் பிறந்த சொல்தான் இப்போது வெறும் பழைய வீட்டைக் குறிக்கிறது.

தமிழில் இந்த வேறுபாட்டுக்கு ஓர் எழுத்தே போதும். சிதைந்த, சிதைத்த. இடிந்த, இடித்த. அழிந்த, அழித்த. பிரிந்த, பிரித்த. இந்தச் சோடிகளில் 'ந்' வந்தால் தானாக நடந்தது, 'த்' வந்தால் ஒருவர் செய்தது. 'பாழடைந்த', 'சிதிலமடைந்த' என்று எழுதும்போது நாங்கள் எப்போதும் 'ந்' பக்கத்திலேயே நிற்கிறோம். 'சிதிலம்' என்ற வடசொல்லுக்குத் தளர்ந்தது, கட்டு விட்டது என்று பொருள். சுண்ணாம்புச் சாந்து கரைந்து கல் ஆடும் சுவருக்கு அது பொருத்தமானது. ஓடு கழற்றிக் கொண்டுபோன வீட்டுக்கு அது பொருந்தாது.

திருகோணமலைக் கோட்டை வாசல் கல்வெட்டோடு சேர்த்துச் சொல்லப்படும் பாட்டு இதில் தடுமாறவில்லை. குளக்கோட்டன் என்ற மன்னன் மூட்டிய கோயில் திருப்பணியைப் 'பறங்கி பிரிக்க' என்கிறது. செய்தவனுக்கும் பெயர் உண்டு, வினையும் பிறவினை. 1620களில் கோணேசர் கோயிலின் கற்களைப் பிரித்தெடுத்துத்தான் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினார்கள். 'டிலாப்பிடேற்றட்'டின் இலத்தீன் உறுப்புகளான கல், பிரித்தல் என்ற இரண்டுக்கும் இதைவிட நேரான எடுத்துக்காட்டு எங்கே கிடைக்கும்!

எந்தச் சொல் பொருந்தும் என்பதை நிருபர் இடத்தில் நின்றே அறியலாம். முதலில் தரையைப் பார்க்கவேண்டும். தானாக விழுந்த கூரை உள்ளேயே கிடக்கும். ஓர் ஓடு விலகினால் அந்த வழியாக மழை ஒழுகி ஓடு தாங்கும் சலாகை உக்கும், கறையான் பிடிக்கும். சலாகை முறிய ஓடுகள் வரிசையாகச் சரியும். ஆகவே தரையில் ஓட்டுத் துண்டுக் குவியலும், உக்கிய மரமும், அதன்மேல் முளைத்த செடியும் இருக்கும். கழற்றப்பட்ட வீட்டில் ஓட்டுத் துண்டு ஒன்றிரண்டுக்கு மேல் கிடைக்காது. சுவர் உச்சியில் தீராந்தி இருந்த பள்ளங்கள் விளிம்பு குலையாமல் வெறுமையாய்த் தெரியும். நிலையும் யன்னலும் பெயர்த்த இடங்களில் இருபக்கக் கற்களும் உடைந்திருக்கும். வயர் இழுத்தெடுத்த இடத்தில், சுவிட்ச் இருந்த குழியில் இருந்து மேல்நோக்கிக் காரையில் நீண்ட கீறல் ஓடும். ஷெல் விழுந்த வீடு இரண்டிலும் சேராது. ஓடு தூளாகி, ஒரே பக்கத்துச் சுவரில் சிதறல் பொத்தல்கள் நிறைந்திருக்கும். கூரை போன எந்த வீட்டிலும் பிறகு மழை சுவரை மேலிருந்து கரைக்கும், அரசங்கன்று வேர்விடும். தூரத்தில் எடுத்த படத்தில் மூன்றும் ஒன்றுபோலத் தெரிவது இதனால்தான்.

'டெரெலிக்ற்' என்பதைக் 'கைவிடப்பட்ட' என்று எழுதுவது இன்னும் கவனமாகச் செய்யவேண்டியது. இலங்கையின் பொதுச்சட்டமான உரோம-டச்சுச் சட்டத்தில், உரிமையை விட்டுவிடும் எண்ணத்தோடு உரிமையாளர் நீங்கினால் மட்டுமே ஒரு பொருள் கைவிடப்பட்டதாகும். காணி உறுதியைப் பையில் வைத்துக்கொண்டு உயிர் தப்பி ஓடியவர் எதையும் கைவிடவில்லை. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி 10 ஆண்டு எதிரிடை ஆட்சி, அதாவது உரிமையாளரின் உரிமைக்கு எதிராக வேறொருவர் காணியை வைத்திருப்பது, காணியின் உரித்தையே மாற்றக்கூடியது. அதனால்தான் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை தம் காணிக்குப் போகமுடியாதிருந்தவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் தேவைப்பட்டது. அப்படிப்பட்ட காணியின் படத்துக்குக் கீழே 'கைவிடப்பட்ட' என்று அச்சிட்டால் அந்தக் குடும்பம் செய்யாத ஒன்றைச் செய்ததாகிறது.

'உரிமையாளர் இடம்பெயர்ந்த வீடு', 'ஓடு கழற்றப்பட்ட வீடு', 'திருத்தாமல் விடப்பட்ட அரச கட்டடம்' என்று எழுதலாம். காரணம் தெரியாத இடத்தில் 'கூரையில்லாத வீடு', 'ஆளில்லாத காணி' என்று கண்ணில் தெரிவதை மட்டும் எழுதும்படி உங்கள் நிருபர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
பழைய கட்டடத் திருத்த வேலையிலும் மொழிபெயர்ப்பிலும் ஈடுபடும் வாசகர் இருவர்,
திருகோணமலை