செயலாளரின் ஆண்டறிக்கை 2024: பார்பிகியூ அடுப்புப் பழுதுபார்ப்பு உட்பட

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்துக்குப் பிறகு செயலவை தவறாமல் கூடியது. மலேசியச் சங்கங்கள் சட்டம் 1966 கேட்கிறபடி, ஆண்டுப் படிவமும் கணக்கும் கூட்டம் முடிந்து 60 நாள்களுக்குள் சங்கங்களின் பதிவிலாகாவுக்குப் போய்விட்டன. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை, கோயில் திருவிழாவுக்கு முன் கோத்தோங் ரோயோங் எனும் கூட்டுப்பணி, முதியோருக்குத் தீபாவளி அன்பளிப்பு எல்லாம் வழக்கம்போல் நடந்தன. செலவு விவரம் பொருளாளர் அறிக்கையில் இருப்பதால் இங்கே வாசிக்கவில்லை.

இந்த ஆண்டு செயலவையில் அதிகம் பேசப்பட்டது நம் பார்பிகியூ அடுப்புதான். சங்க வருமானத்தில் பெரும்பங்கு அதிலிருந்து வருகிறது. சுங்கை சிப்புட்டில் திடல் பக்கம் எந்த நிகழ்ச்சி என்றாலும் நம் கோழிக்கும் சோளத்துக்கும் வரிசை நிற்கும். ஹலால் கோழி என்பதால் பக்கத்துக் கம்போங் (கிராமத்து) மக்களும் வருவார்கள். தேசிய தின ஒன்றுகூடலில், விற்பனை சூடுபிடித்த நேரத்தில், கரித்தொட்டியின் அடித்தகடு ஒரு மூலையில் விட்டுப்போய் தணல் புல்லில் கொட்டியது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை.

புதிதாக வாங்கிவிடலாம் என்று ஒரு தரப்பு வாதாடியது. கடையில் விற்கும் மெல்லிய தகட்டு அடுப்பு வீட்டு வாசலில் நாலு பேருக்குச் சுட ஆகும். திருவிழாக் கூட்டத்துக்குத் தாங்காது. நம்முடையதில் சட்டமும் காலும் சக்கரமும் உறுதியாகத்தான் இருந்தன. கெட்டது தொட்டி மட்டுமே. அப்புறம் என்ன, பழுதுபார்ப்பது என்று முடிவானது.

செம்பனை ஆலை பாய்லரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் மூத்த உறுப்பினர் பொறுப்பை ஏற்றார். தொட்டியைக் கவிழ்த்துப் போட்டுச் சின்னச் சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே வந்தார். "கணீர்னா விடு தம்பி, பொத்துன்னா வெட்டு" என்று சொல்லி, மந்தமாகக் கேட்ட இடத்தையெல்லாம் சாக்கட்டியால் வளைத்தார். ஓரிடத்தில் சுத்தியல் முனை தகட்டுக்குள்ளேயே இறங்கிவிட்டது. சாக்கட்டிக் கோடு அடித்தகடு முழுவதையும் சுற்றிப் பக்கத் தகட்டிலும் ஏறியது. ஓட்டைக்கு மட்டும் ஒட்டுப்போட்டால் போதாதா என்று கேட்டவர்களுக்கு அதுவே பதில்: மெலிந்துபோன தகட்டில் வெல்டிங் நிற்காது, சுற்றி மேலும் பொத்துக்கொள்ளும்.

தகட்டைத் தின்றதில் நெருப்பைவிடச் சாம்பலுக்கே பங்கு அதிகம். சாம்பலில் உள்ள உப்புகள் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். கோழி மசாலாவின் உப்பும் சொட்டும் கொழுப்பும் அதோடு சேர்ந்து, ஸ்டோரில் மூடிக் கிடக்கும் நாள்களிலும் அடியிலிருந்து துரு ஏறிக்கொண்டே இருக்கும். இன்னொரு குறை காற்று. நாம் எரிப்பது கோலா செபெத்தாங் ஊரின் பாக்காவ் கரி, அதாவது கண்டல் மரக் கரி. மாத்தாங் சதுப்புநிலக் காட்டில் 30 ஆண்டுச் சுழற்சியில் வெட்டும் மரத்தை, குவிந்த செங்கல் சூளையில் வாரக்கணக்கில் வேகவைத்து எடுப்பது. கனமான கரி, நின்று எரியும். ஆனால் பழைய தொட்டியில் அது நேரே தகட்டின்மேல் கிடந்ததால் அடியில் காற்றே போகவில்லை. தணல் பட்ட தகடும் வெந்தது, விசிறியவர்களின் கையும் ஓய்ந்தது.

இப்போது அடித்தகடு 4 மில்லிமீட்டர் இரும்பு. அதற்கு மேலே இடைவெளி விட்டு 12 மில்லிமீட்டர் கம்பிகளை வரிசையாக வைத்திருக்கிறோம். கம்பிகளை வெல்டிங் செய்யவில்லை. வெட்டுக்குழிகளில் சும்மா உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு முனையையும் பூட்டிவிட்டால் சூட்டில் நீளும் கம்பி வளைந்துவிடும். கரி கம்பிமேல் நிற்கும், சாம்பல் கீழே இழுவைத் தட்டில் விழும், இரு பக்கமும் உள்ள சின்னக் கதவுகளால் காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். உள்சுவரில் 32 மில்லிமீட்டர் தடிமனுள்ள தீக்கல்லை, அதாவது கடும் சூடு தாங்கும் செங்கல்லை, நிறுத்தியிருக்கிறோம். 64 மில்லிமீட்டர் முழுக்கல் வைத்தால் பாரத்தைச் சக்கரம் தாங்காது. காரை பூசாமல், கல்லுக்கும் தகட்டுக்கும் நடுவே அட்டைப்பெட்டித் துண்டுகளைச் செருகி அடுக்கினார்கள். அட்டை கருகிப்போனதும் அந்த இடம் கல் விரிவதற்கு ஆயிற்று. ஒரு கல் உடைந்தால் அதை மட்டும் உருவி மாற்றலாம்.

சாதாரணச் செங்கல்லும் சிமெண்டும் போதுமே என்ற யோசனையும் வந்தது. கடும் சூட்டில் சிமெண்ட் வலுவிழக்கும், உள்ளே நிற்கும் ஈரம் ஆவியாகித் துண்டு தெறிக்கும் என்பதால் கைவிட்டோம். உறுப்பினர் ஒருவர் நல்ல மனத்தோடு சாக்கடைக் கம்பிமூடி ஒன்றைக் கரி வைக்கத் தந்தார். அது கால்வனைஸ் செய்தது, அதாவது துத்தநாகம் பூசியது. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். காற்று நன்றாகப் பாயும் கரித்தணல் அதைத் தாண்டிவிடும். அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் குளிர்காய்ச்சல் வரும். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தோம். சூடு தாங்கும் பெயிண்ட் வெளிப்பக்கம் மட்டுமே அடிக்கப்பட்டது. உள்ளே சமையல் எண்ணெய்தான்.

முதல் நாள் சிறு நெருப்பு மட்டும் மூட்டிக் கல்லின் ஈரத்தைப் போக்கினோம். புது இரும்பின் எண்ணெய் நாற்றமும் அன்றே போயிற்று. தீபாவளிக்கு முந்தைய வார விற்பனையில் ஓரத்துக் கோழியும் நடுவில் கிடந்ததும் ஒரே நேரத்தில் வெந்தன. கரியும் குறைவாகவே பிடித்தது.

குறையும் உண்டு. கல் சூடேறும்வரை முன்பைவிட நேரமாகிறது. பத்துப் பதினைந்து பேருக்குச் சுட இந்த அடுப்பைக் கேட்காதீர்கள், கரி தண்டம். லாரியில் ஏற்ற இறக்க நாலு பேர் வேண்டும், அதுவும் இளைஞர்கள். இரவல் வாங்குவோர் சாம்பல் தட்டைத் துடைத்துக் காயவைத்துத் திருப்பித் தர வேண்டும் என்றும், சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றக் கூடாது, கல் வெடித்துவிடும் என்றும் ஸ்டோர் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறோம். தைப்பூச மாதத்தில் அடுப்பில் சோளமும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் மட்டுமே என்ற பழைய தீர்மானம் தொடர்கிறது.

அடுத்த ஆண்டுக்கு மழை மூடி ஒன்று தைக்கச் செயலவை அனுமதி கேட்கிறது. வெல்டிங் கூலி வாங்க மறுத்த உறுப்பினருக்கும், பாய்லர் அண்ணனுக்கும், மதியச் சாப்பாடு கொண்டுவந்த மகளிர் பிரிவுக்கும் நன்றி. இவ்வாண்டு மறைந்த உறுப்பினர்களின் குடும்பங்களுக்குச் சங்கத்தின் அனுதாபங்கள்.

இவ்வறிக்கையை முன்மொழிந்து, வழிமொழிந்து ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்