பலகையில் ஓத நேரத்தையும் எழுதுங்கள்

கடலோர நடைபாதையைப் பராமரிக்கும் துறையினருக்கு,

வணக்கம். சென்ற மாதம் உங்கள் பாதையில் ஒரு பகல் முழுக்க நடந்தோம். முகட்டிலிருந்து பார்த்த கடல் இன்னும் கண்ணில் நிற்கிறது. அதற்கு நன்றி. ஆனால் நான் எழுத வந்தது வேறு.

நுழைவிடப் பலகையில் தூரம் இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, குப்பை போட்டால் அபராதம் என்றும் இருக்கிறது. கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்ற ஓத நேரம் மட்டும் இல்லை. பாதையோ நடுவில் மேட்டை விட்டிறங்கி, பாறைகளை ஒட்டி மணலில் போகிறது. காலையில் காய்ந்த மணலில் கடந்தோம். மாலையில் திரும்பும்போது கணுக்கால் அளவுத் தண்ணீர். காலணிகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சிரித்தபடியேதான் இறங்கினோம். அடுத்த பாறையைச் சுற்றுவதற்குள் இடுப்பு நனைந்துவிட்டது. பிடிமானத்துக்குக் கை வைத்த இடத்தில் கொட்டலசு, அதாவது பாறையில் ஒட்டி வாழும் ஓடுள்ள சிறு கடலுயிர், உள்ளங்கையைக் கீறியது. நிமிர்ந்து பார்த்தால், அது என் தலைக்கு மேலேயும் ஒட்டியிருந்தது. தண்ணீர் எதுவரை ஏறும் என்று பாறையே எழுதி வைத்திருக்கிறது. காலையில் அதைப் படிக்காதது என் தவறுதான்.

ஆனால் ஓதம் பழகாதவரை ஏமாற்றும். ஏறத் தொடங்கிய முதல் மணி நேரத்தில் மொத்த ஏற்றத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் வரும். மூன்றாவது, நான்காவது மணி நேரங்களில் மட்டும் பாதி ஏறிவிடும் என்பது கடலோடிகளின் தோராயக் கணக்கு. நேற்றுப் போனவரிடம் கேட்டுக்கொண்டு போவதும் முழுக்கச் சரிவராது. பெரும்பாலான கரைகளில் ஓத நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் கூடுதல். ஆகவே அச்சடித்த நிரந்தரப் பலகை உதவாது. தினமும் சாக்பீஸால் எழுதும் கரும்பலகை போதும்.

இதைப் படித்ததும் மணல் பகுதிக்குப் பூட்டுப் போட்டுவிடுவீர்களோ என்பதுதான் என் கவலை. பூட்டுவது எளிது, திறப்பதுதான் கடினம். இத்தாலியின் சிங்க்வே தெர்ரேயில் 2012-இல் பாறை சரிந்து நான்கு பேர் காயமடைந்ததும் மூடிய 'காதல் பாதை' என்ற கடலோர நடைபாதை 2024-இல்தான் மீண்டும் திறந்தது. அங்கே மூடியதில் தவறில்லை. இங்கே அப்படி எதுவும் சரியவில்லையே! இங்கிலாந்தில் 2009-ஆம் ஆண்டுச் சட்டம், கரை அரிக்கப்பட்டால் பாதையையே உள்ளே தள்ளி அமைக்க வழி செய்கிறது. உங்களுக்கு அந்த அளவு வேலைகூட இல்லை.

அன்று பின்வாங்கி மேட்டில் ஏறி உட்கார்ந்தோம். தண்ணீர் வடிந்தபோது இருட்டிவிட்டது. கைப்பேசி வெளிச்சத்தில் கடந்தோம். நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பின்னால், புதர்களுக்கு நடுவே, ஆட்கள் நடந்து தேய்ந்த ஒற்றையடித் தடம் ஒன்று மேலாகவே சுற்றிப் போகிறதாம். பிறகுதான் கேள்விப்பட்டோம். அந்தத் தடம் நடக்கத் தகுந்ததா என்று ஒருமுறை பாருங்கள். தகுந்தது என்றால் இரண்டு முனையிலும் ஒவ்வோர் அம்புக்குறி வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மீண்டும் நடக்க வரவிருக்கும் ஒருவர்