வேன் ஓட்டுவதும் பயிற்சியாளரேதானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு என்றாலே கோடிக்கணக்கில் புரளும் பணத்தைப் பற்றித்தான் பேச்சு. சிறிய கல்லூரிகளின் கிராஸ் கன்ட்ரி (புல்வெளி, மண்பாதையில் ஓடும் நெடுந்தூர ஓட்டம்) அணிகளையும் கொஞ்சம் பாருங்கள். கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.வின் மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. ஷூ, சீருடை, வேன் வாடகை, போட்டிக் கட்டணம் போக மீதி எல்லாம் பயிற்சி தரும் ஆள்பலம்தான். அங்கேதான் நிர்வாகங்கள் கையைச் சுருக்குகின்றன.

ஓர் அணிக்கு ஏழு பேர் ஓடுவார்கள். முதல் ஐந்து பேர் பிடித்த இடங்களைக் கூட்டினால், குறைந்த தொகைக்கு வெற்றி. நாலு பேர்தான் ஓடி முடித்தார்கள் என்றால் அணிக் கணக்கிலேயே வரமாட்டார்கள். ஒரு கணுக்கால் பிசகினால் போதும், பருவமே போச்சு. அதனால் ஆள் சேர்ப்பது பெரும்பாடு. அதையும், ஆண்கள், பெண்கள் அணிகளையும், அப்புறம் தடகளத்தையும் பல இடங்களில் ஒரே பயிற்சியாளர்தான் பார்க்கிறார்.

கல்லூரிகள் ஆண்டுதோறும் மத்திய கல்வித்துறைக்குத் தரும் அணிவாரிக் கணக்கில், இலையுதிர் காலத்தில் கிராஸ் கன்ட்ரி, குளிரில் உள்ளரங்கத் தடகளம், வசந்தத்தில் வெளியரங்கத் தடகளம் என மூன்று பருவமும் ஓடும் ஒரே மாணவி மூன்று அணிகளிலும் எண்ணப்படுகிறார். தாளில் கூட்டம்; பாதையில் அதே முகங்கள்.

இந்தப் பிள்ளைகள் கட்டும் கல்விக் கட்டணமும் கல்லூரிக்கு வரவுதானே? அதிலிருந்து ஒரு முழுநேர உதவிப் பயிற்சியாளரையாவது நியமியுங்கள்.

வாசகர்,
நியூ ஜெர்சி