பள்ளி நூலகக் கதைப் பகுதி: சனிக்கிழமை வாருங்கள்

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஏற்காடு பள்ளி நூலகத்தின் கதைப் புத்தகங்களை இனி எழுத்தாளர் வரிசையில் இல்லாமல், கதை வகை வாரியாக அடுக்கப் போகிறோம். போன வாரம் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அலமாரி முன் கால்மணி நேரம் நின்றுவிட்டு, "பேய்க்கதை எந்த வரிசை அக்கா?" என்று கேட்டாள். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. வெறுங்கையோடு போனாள், மனம் கேட்கவில்லை.

நாள்: ஆகஸ்ட் 8, சனிக்கிழமை, காலை 9.30 முதல் 1 மணி வரை.

1. ஒட்டுவில்லை: சரித்திரம் மஞ்சள், துப்பறியும் கதை சிவப்பு, அறிவியல் புனைகதை நீலம், பேய்க்கதை ஊதா, நகைச்சுவை பச்சை. வகைக்குள் எழுத்தாளர் பெயர் அகரவரிசையே.

2. இரண்டு வகையில் சேரும் புத்தகமா? பிள்ளைகள் எங்கே தேடுவார்களோ அங்கே வையுங்கள். பக்க எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

3. 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களில் மூன்றாவதைக் காணவில்லை. வீட்டில் தேடிப் பாருங்கள்.

4. பனி ஈரத்தில் சில அட்டைகளில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. அவற்றைத் தனியே எடுத்து, காற்றோட்டமான நிழலில் விரித்து வையுங்கள். கடும் வெயிலில் போட்டால் அட்டை வளைந்துவிடும்.

5. பழைய பருத்தித் துணி, கத்தரிக்கோல், முகக்கவசம் கொண்டுவாருங்கள். தூசி ஒத்துக்கொள்ளாதவர்கள் பதிவேடு எழுதலாம்.

6. சேலத்திலிருந்து வருபவர்கள் 8 மணிக்கே கிளம்புங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் நிதானமாக வாருங்கள்.

ஆகஸ்ட் 12, இந்திய நூலகவியலின் முன்னோடி எஸ். ஆர். ரங்கநாதன் நினைவாகக் கொண்டாடப்படும் நூலகர் தினம். அன்று பிள்ளைகளுக்கு அலமாரிகளைத் திறந்துவிட வேண்டும்.

வருபவர்கள் வியாழன் இரவுக்குள் பெயரையும், எத்தனை பேர் என்பதையும் இங்கே தெரிவியுங்கள்.